எருமைகள் இறங்காத ஏரி

அரூஷா, தான்சானியா
14 மார்ச் 1999

அன்புள்ள அண்ணிக்கு,

லின்சி எழுதுவது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேர்ந்ததாக அண்ணன் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னான். பிரிக்காமலே மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறீர்களாம். இதையாவது பிரியுங்கள்.

நான் புறப்பட்ட அன்று மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாதி ஊர் வந்தது. நீங்கள் வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒன்பது எருமைகளில் ஐந்தை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாரைமடை ஏரியைப் பற்றி நான் எழுதிய ஆய்வறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இரண்டு வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எண்ணினேன். எருமைகள் மிதித்து நசுக்கிய நீர்க்கோழிக் கூடுகள் மட்டும் நாற்பத்தொன்று. ஏரியைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தபோது, ‘கால்நடைகள் நுழையக் கூடாது’ என்ற வரியை என் அறிக்கையிலிருந்துதான் எடுத்தார்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அந்த வரி நேரே உங்கள் கொட்டகை வாசலில் வந்து நிற்கும் என்பதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அறிக்கைக்காகக் கேட்கவில்லை.

இங்கே எனக்குப் புல் அளக்கும் வேலை. செரங்கெட்டி என்று ஒரு சமவெளி. நம் ஊர் வயல்வெளியில் வரப்பை எல்லாம் அழித்துவிட்டு, வேதாரண்யம் வரைக்கும் புல்லாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அதில் ஒரு மிருகம் மேய்கிறது. எருமையின் கொம்பு, குதிரையின் வால், வெள்ளாட்டின் தாடி. இந்த ஊர்க்காரர்கள் ‘நியும்பு’ என்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
லின்சி

*

சேசு மரி சூசை துணை

நாரைமடை
9 ஏப்ரல் 1999

லின்சிக்கு,

மூன்றையும் சேர்த்தே பிரித்தேன். எருமைக்கூட்டத்தைப் பார்த்தால் என் ஞாபகம் வருகிறதா? நல்லது. கழுதையைப் பார்த்து வராமல் இருந்ததே பெரிசு.

இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணன் இந்த வருஷமும் வரவில்லை. எருமைகள் ஒன்பதும் இருந்திருந்தால் பால் ஊற்றியே வீட்டை ஓட்டியிருப்பேன்; அவர் ஈஸ்டருக்கே ஊருக்கு வந்திருப்பார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முதலில் எழுதுகிறேன்.

அடுத்து உன் அறிக்கை. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். இருபது வருஷமாக அந்த ஏரியில் எருமை ஓட்டினவள். நீ பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. எருமை தின்றதை எண்ணினாய், மிதித்ததை எண்ணினாய். அது செய்து வைத்துவிட்டுப் போனதை எண்ணினாயா?

எருமை தண்ணீரில் இறங்கினால் சும்மா நிற்காது. கோரையின் குருத்தைத் தின்னும். சம்புப் புல்லை மிதித்துச் சாய்க்கும். அது போன தடமெல்லாம் வாய்க்கால் மாதிரி தண்ணீர் தெரியும். படுத்துப் புரண்ட இடம் குழியாகும். சித்திரையில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்தாலும் அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும். விராலும் குரவையும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பது அதில்தான். ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் அதுகள்தான் ஏரி முழுக்கப் பெருகும். நாரை மீன் தின்ன வருகிறது லின்சி. உன் அறிக்கையைப் படிக்க வரவில்லை.

இப்போது வந்து பார். ஒரே வருஷத்தில் கரையோரம் சம்பு ஆள் உயரம். குழிகள் தூர்ந்துகொண்டு வருகின்றன.

மரியபுஷ்பம்

*

செரங்கெட்டி
22 ஜூன் 1999

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது கோபம் வந்தது. ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். பல வருஷமாக மேய்ச்சலில் நைந்துபோன ஏரி அது. செடிகள் இப்போதுதான் மூச்சு விடுகின்றன. பொறுங்கள், தானாகச் சரியாகும்.

இங்கே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டு மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. நம் பக்கத்திலும் தொழுவம் தொழுவமாகக் காலி செய்த அதே வெக்கைதான். வெளியிலிருந்து கொண்டுவந்த மாடுகளோடு வந்து இறங்கி, வீட்டு மாட்டிலிருந்து நியும்புக்கும் தொற்றியது. கூட்டம் கூட்டமாகச் செத்தன. மிஞ்சியவையும் பெருக முடியவில்லை. பிறக்கிற கன்றுகளை வெக்கை எடுத்துக்கொண்டே இருந்தது. தின்ன ஆளில்லாமல் புல் மார்பு உயரம் வளர்ந்து காய்ந்தது. வருஷா வருஷம் தீ. பாதிச் சமவெளிக்கு மேல் எரிந்த வருஷங்கள்கூட உண்டாம். மரக்கன்று எதுவும் தலைதூக்க முடியவில்லை.

பிறகு சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். வீட்டு மாட்டுக்கு மட்டும்தான் போட்டார்கள். நியும்புகள் தானாகப் பிழைத்தன. இரண்டு லட்சமாக இருந்தது பத்து லட்சத்தைத் தாண்டியது. புல்லை மேய்ந்தன. தீ குறைந்தது. மரம் வந்தது. முன்பு புகையாக வானத்துக்குப் போன புல் இப்போது சாணமாக விழுகிறது. வண்டுகள் அதை உருட்டி மண்ணுக்குள் புதைக்கின்றன. கரிப்புகை மேலே போய்ப் பூமியைச் சூடாக்குவதற்குப் பதிலாக மண்ணிலும் மரத்திலும் தங்குகிறது. ஒரு மிருகம் இருப்பதும் இல்லாததும் ஒரு நாட்டின் வானத்தையே மாற்றும் என்று இங்கே வந்துதான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் அண்ணி, இது காடு. உங்கள் எருமை கொட்டகையில் கட்டிய வீட்டு மாடு. இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது.

லின்சி

*

நாரைமடை
3 ஆகஸ்ட் 1999

லின்சிக்கு,

உன் கடிதத்தை வேம்புவுக்கு வாசித்துக் காட்டினேன். வடக்குத்தெரு வேம்புவைத் தெரியுமல்லவா, அவளும் எருமைகளை விற்றவள்தான். கடைசி வரியைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஏங்க்கா, எருமை தண்ணில எறங்குறப்ப, நான் வீட்டு மாடுன்னு கோரைக்கிட்ட சொல்லிட்டா எறங்குது?”

எனக்கும் அதுதான் கேள்வி. நீயே எழுதி வைத்திருக்கிறாய், தின்ன ஆளில்லாமல் புல் வளர்ந்தது, காய்ந்தது, எரிந்தது என்று. அதை எழுதின கை உன்னுடையதுதானே?

எண்ணிக்கைதான் உனக்கு வேதம். சரி, எப்படி எண்ண வேண்டும் என்று எழுது. நாங்கள் எண்ணி அனுப்புகிறோம்.

மரியபுஷ்பம்

*

செரங்கெட்டி
30 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், எண்ணுங்கள். கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலை ஏழு மணிக்கு, ஏரித் தண்ணீர் வழிகிற கலுங்கு மேட்டிலிருந்து. நானும் அங்கிருந்துதான் எண்ணினேன். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் இந்த மூன்று பறவை போதும். நீங்கள் ஒரு பக்கம், வேம்பு ஒரு பக்கம். ஒருவர் எண்ணியதை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதுங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம் வெளியே தெரிகிறது என்பதையும் குறியுங்கள்.

என் அறிக்கையில் நத்தைக்குத்தி அறுநூற்றுப் பத்து. நீங்கள் எழுநூறு என்று எழுதி அனுப்பப் போகிறீர்கள். அப்போது நான் திருப்பிச் சிரிப்பேன்.

லின்சி

*

நாரைமடை
2 மார்ச் 2000

லின்சிக்கு,

தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான் எழுதியது நீல மை, வேம்பு எழுதியது கறுப்பு. நத்தைக்குத்தி அதிகமாக வந்த நாளில் தொண்ணூற்று நான்கு. வேம்பு கணக்கில் எண்பத்தெட்டு. கூழைக்கடா பதினொன்று. அரிவாள்மூக்கன் இரண்டு பேர் தாளிலும் ஒன்றுகூட இல்லை.

கலுங்கு மேட்டில் நின்றால் தண்ணீர் தெரியவில்லை. சம்பு, கோரை, அதற்கு மேல் காட்டாமணக்கு. ஏரி என்று சொன்னால்தான் ஏரி. மழை பெய்தும் மீன் இல்லை. தண்ணீரில் கால் வைத்தால் மக்கிய சருகு முழங்கால் வரைக்கும் இழுக்கிறது, சாக்கடை நாற்றம்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எண்ணி முடித்த அன்று வேம்பு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “இம்புட்டுதானாக்கா?” என்றாள்.

மரியபுஷ்பம்

*

நாரைமடை
18 மே 2000

லின்சிக்கு,

ஏரி எரிந்துவிட்டது.

போன வியாழக்கிழமை உச்சிவெயில். யார் போட்ட நெருப்பு என்று தெரியவில்லை, பீடியாக இருக்கலாம். இரண்டு வருஷத்துச் சம்பு மொத்தமும் காய்ந்து நின்றது. பொறி விழுந்ததும் பட்டாசுக் கட்டு மாதிரி வெடித்துக்கொண்டு வந்தது. மேல்காற்று வேறு. பத்து நிமிஷத்தில் கிழக்குக் கரையைத் தாண்டி ரெத்தினம் வீட்டுக் கூரையில் உட்கார்ந்தது.

நானும் வேம்பும் கரைக்கு ஓடினோம். தண்ணீர் எங்கே இருக்கிறது மொண்டு ஊற்ற? ஏரிக்குள் ஒரு குழிகூட இல்லை. குழாயடியிலிருந்து வரிசையாக நின்று குடம் கைமாற்றினோம். ரெத்தினத்தின் அம்மா உள்ளே படுத்திருந்தார். நான் போய்த் தூக்கி வந்தேன். இடது கையில் தோல் உரிந்துவிட்டது. ஆறிக்கொண்டு வருகிறது, பயப்படாதே. உன் அண்ணனுக்குச் சொல்லாதே.

நான்கு வீடு போயிற்று. உயிர் ஒன்றும் போகவில்லை, மாதா புண்ணியம். ஏரி நடுவில் மேட்டில் நின்ற கருவேல மரங்கள், நாரை கூடு கட்டுகிற மரங்கள், நாற்பதுக்கு மேல் கரிக்கட்டையாக நிற்கின்றன. மூன்று நாள் ஊர் முழுக்கப் புகை. இத்தனை வருஷத்தில் சித்திரை வெயிலில் ஏரிக்காற்று வராத வீடு கிடையாது. இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்திருக்கிறோம், அனல் அடிக்கிறது.

உன் புல்வெளிக் கதை எனக்கு மனப்பாடம். நூறு வருஷம் தள்ளி, கடல் தாண்டி நடந்ததை நீ எனக்குச் சொன்னாய். இங்கே இரண்டே வருஷத்தில் நடந்ததை நான் உனக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் கலெக்டர் வந்து ஊரைக் கூட்டிக் கேட்கப்போகிறார். நாங்கள் எருமையை விடச்சொல்லிக் கேட்போம். வனத்துறைக்காரர்கள் உன் அறிக்கையை எடுத்து நீட்டுவார்கள். நீ என்ன செய்யப்போகிறாய்?

மரியபுஷ்பம்

*

செரங்கெட்டி
11 ஜூன் 2000

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் கை. மருந்து போடுகிறீர்களா? கட்டைப் பிரிக்காதீர்கள். சேற்றில் இறங்காதீர்கள்.

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று நான் ஒரு வேலிக்குள் நின்றுகொண்டிருந்தேன். இங்கே சில இடங்களில் எந்த மிருகமும் நுழையாதபடி கம்பிவேலி போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாகப் போட்ட வேலிக்குள் போனால் சொர்க்கம்: பூவும் விதையுமாக எல்லாம் செழித்து நிற்கும். நான் நம் ஏரியில் இரண்டு வருஷம் ஆராய்ந்தபோதும், கரையோரம் சின்னதாக ஒரு வேலி போட்டு அதைத்தான் பார்த்தேன். அதைத்தான் எழுதினேன். அன்று நான் நின்ற வேலி பதினெட்டு வருஷத்துப் பழசு. உள்ளே ஒரே ஒரு வகைப் புல். செத்த புல் மேல் செத்த புல்லாக மெத்தை மாதிரி. கையை விட்டுத் துழாவினேன், அடியில் பச்சையே இல்லை. வேலிக்கு வெளியே ஒரு முழத்துக்குள் பதினாறு வகை எண்ணினேன்.

அண்ணி, நான் எண்ணியது சரி. எண்ணிய காலம் போதாது. நான் பார்க்காத காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். என் அறிக்கை தவறு.

என் பேராசிரியருக்கு எழுதினேன். அறிக்கையில் அவர் பெயரும் இருக்கிறது. “பட்டம் வாங்கிக் கொடுத்த அறிக்கையை நீயே மறுத்தால் நாளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் உன்னைச் சேர்க்கும்?” என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு அறிக்கையைக் காப்பாற்றுவதற்காக ஒரு ஏரியைச் சாகவிட முடியாது.

கலெக்டருக்கு என் கையெழுத்தில் எழுதிய கடிதத்தை இதோடு அனுப்புகிறேன். கூட்டத்தில் நீங்களே வாசியுங்கள். கடைசிப் பக்கம் உங்களுக்குப் பிடிக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

லின்சி

*

நாரைமடை
27 ஆகஸ்ட் 2000

அன்புள்ள லின்சி,

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. பஞ்சாயத்துத் தலைவர் பெரியநாயகசாமி நம் கோரிக்கையைச் சொன்னார். உடனே சென்னையிலிருந்து வந்த ஒரு நிபுணர் உன் அறிக்கையைப் பிரித்துக் கூடுகள் நாற்பத்தொன்று என்று வாசித்தார். அதோடு விட்டாரா? “எருமை அசைபோடும்போது வெளியே விடுற வாயுவாலயும் பூமி சூடாகுதுங்க. இதையும் யோசிக்கணும்” என்றார். பின்னால் சிரிப்பு.

நான் எழுந்தேன். “அய்யா, அதை அளந்து வெச்சிருக்கீங்க, சந்தோஷம். எங்க ஏரி மூணு நாளு எரிஞ்சுதே, அந்தப் புகையை யாரு அளந்தா? தண்ணிக்கடியில சம்பு அழுகிக் கொப்புளம் கொப்புளமா காத்து வருதே, அதை அளந்தீங்களா?”

கலெக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க யாரும்மா?”

“இந்த அறிக்கையை எழுதின லின்சியோட அண்ணி. அவ இன்னொன்னு எழுதியிருக்கா. வாசிக்கட்டுங்களா?”

வாசித்தேன். ‘என் முடிவு தவறானது’ என்ற இடம் வந்ததும் பெரியநாயகசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் வேம்பும் எண்ணிய தாளைக் கலெக்டர் வாங்கி நீல மையையும் கறுப்பு மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம். நாற்பது எருமைக்கு மேல் கூடாது. கூடு வைக்கிற மாதங்களில் மேட்டுப் பக்கம் வேலி, அங்கே போகக் கூடாது. வாசிக்காமல் மடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன். நம் ஊரில் மட்டுமே எழுபது எருமை வரும். நாற்பது என்றால் யாருடையது உள்ளே, யாருடையது வெளியே? ஆனால் நீ உன் பட்டத்தைக் கூட்டத்தில் வைத்துவிட்டாய். நான் ஒரு பக்கத்தை மறைத்தால் அது என்ன நியாயம்? வாசித்தேன். நமக்கு எதிராகவே நாலு பேர் சத்தம் போட்டார்கள், நம் ஆட்களேதான். வேம்பு எழுந்து, “வீட்டுக்கு ரெண்டு. அவ்வளவுதான். உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார்கள்.

உன் கடிதத்தில் இருந்தபடியே கலெக்டர் மூன்று வருஷத்துக்கு உத்தரவு போடுகிறார். வருஷா வருஷம் எண்ணிக் காட்ட வேண்டுமாம். யார் எண்ணுவது என்று கேட்டார். நூறு பேர் கை தூக்கினார்கள்.

அண்ணி
மரியபுஷ்பம்

*

செரங்கெட்டி
5 அக்டோபர் 2000

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைக் கூடாரத்தில் எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். இங்கே என்னோடு வேலை செய்யும் மசாய் இனத்து மாட்டுக்காரர் ஒருவர், “உன் அண்ணிக்கு எத்தனை மாடு?” என்று கேட்டார். நான்கு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, “நாற்பது மாடுள்ள ஆள் மாதிரி பேசுகிறாள்” என்றார்.

ஊருக்குப் பக்கத்திலேயே எனக்குக் கிடைக்கவிருந்த ஆசிரியர் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. பேராசிரியர் பதில் போடுவதில்லை. இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் மழை வந்தது. நியும்புகள் தெற்கே திரும்பத் தொடங்கின. அவற்றின் பின்னாலேயே போய்விட்டேன். இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். சரி என்றேன். இந்த முறை எண்ணும் காலம் போதுமானதாக இருக்கும்.

எருமைகளை என்றைக்கு இறக்குகிறீர்கள்? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

லின்சி

*

நாரைமடை
10 மார்ச் 2001

அன்புள்ள லின்சி,

நேற்று இறக்கினோம்.

காலையில் பங்குச்சாமியார் கலுங்கு மேட்டில் நின்று மந்திரித்தார். மாரியம்மன் கோவில் பூசாரியும் விபூதி போட்டார். வீட்டுக்கு இரண்டாக முப்பத்தெட்டு எருமை. என் நான்கில் இரண்டு: பெரிய கருப்பியும் அவள் மகளும். உன் அண்ணனும் பக்கத்தில் நின்றார். ஆமாம், வந்துவிட்டார், முந்தாநாள். நீ போன் செய்தால் அவரே சொல்லட்டும் என்று எழுதாமல் இருந்தேன்.

கருப்பிதான் எப்போதும் முன்னால் போகிறவள். அவள் இறங்கினால் மற்றது எல்லாம் இறங்கும். கரை விளிம்பு வரைக்கும் வந்தாள். நின்றுவிட்டாள். மூக்கை நீட்டி முகர்ந்தாள். தட்டிப் பார்த்தோம், ஓட்டிப் பார்த்தோம், அசையவில்லை. மூன்று வருஷம் கொட்டகையில் கட்டித் தொட்டித் தண்ணீர் காட்டியிருக்கிறோம். அவள் மகள் ஏரியைப் பார்த்ததே இல்லை. பின்னால் முப்பத்தாறும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பெரியநாயகசாமிக்கு வியர்த்துவிட்டது. வனத்துறை ஆள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மறந்துபோச்சு போலருக்கே” என்று யாரோ சொன்னார்கள்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். உன் அண்ணன், “ஏய், புஷ்பம், சேறு!” என்று கத்தினார். முழங்கால், தொடை, இடுப்பு. சம்பு முகத்தில் அறைந்தது. இரண்டு கையாலும் விலக்கி, மிதித்துச் சாய்த்து, இருபது அடி உள்ளே போனேன். திரும்பிப் பார்க்காமல், “ம்மா, வாடி” என்றேன்.

சம்பை மிதித்துக்கொண்டே இன்னும் நாலு அடி வைத்தேன். பிறகு எனக்குப் பின்னால் தண்ணீர் கனமாகப் பிளந்தது.